ஓட்டுவதற்கென்று ஒரு கார்வெட்

ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் 1973ஆம் வருட மாடலை முன்னால் நின்று பார்த்தால் ஒரு காலம், பின்னால் போய்ப் பார்த்தால் இன்னொரு காலம். மணிக்கு 5 மைல் வேகத்தில் எதிலாவது முட்டினாலும் முன்பக்கம் தாங்க வேண்டும் என்று அமெரிக்க அரசு அந்த வருட மாடல்களுக்கு விதி கொண்டுவந்தது. அதோடு முன்பக்கக் குரோம் பம்பர் போய், வண்டியின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த யூரிதேன் என்ற வளையும் பிளாஸ்டிக் மூக்கு வந்தது. பின்பக்கத்துக்கு அந்தக் கண்டிப்பு அடுத்த வருடம்தான் வந்தது என்பதால் அங்கே பழைய குரோம் பம்பர்கள் அப்படியே இருந்தன, 1974இல் அவையும் போயின. முன்னால் யூரிதேனும் பின்னால் குரோமும் உள்ள கார்வெட் அந்த ஒரே வருடம்தான். சேகரிப்பவர்கள் பெரும்பாலும் 1968 முதல் 1972 வரையிலான, இரண்டு பக்கமும் குரோம் உள்ள வண்டிகளைத்தான் முதலில் தேடுவார்கள், அதனால் 73க்கு விலை கொஞ்சம் குறைவு. தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் ஒரு நாளாவது எடுத்து நன்றாக ஓட்ட வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

பழைய கார்வெட்டைப் புதுப்பிப்பதில் அமெரிக்காவில் ஒரு பெரிய மரபு இருக்கிறது. நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு 1974இல் தொடங்கியது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று அவர்களுடைய நடுவர்கள் பார்த்துப் புள்ளி போடுவார்கள். போல்ட் தலையில் உள்ள குறி, அசெம்பிளி லைனில் யாரோ சாக்பீஸால் கிறுக்கிய எண், சோதித்தாயிற்று என்பதற்காக வைத்த பெயிண்ட் பொட்டு, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கார்வெட் அப்போது தயாரான செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் ஓரிடத்தில் பெயிண்ட் சரியாகப் படாமல் போவது வழக்கம் என்றால், புதுப்பித்த வண்டியிலும் அந்த இடத்தில் அது சரியாகப் படாமல்தான் இருக்க வேண்டும். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. இந்த வண்டியில் எது மூலம், எது பிற்பாடு வந்தது என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது என்றால் அவர்கள் சேர்த்து வைத்த அறிவினால்தான். ஆனால் அப்படிப் புதுப்பித்த வண்டிகளில் பல டிரெய்லரில் வந்து டிரெய்லரில் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை.

ஏன் ஒப்பவில்லை என்றால், இந்தக் காரின் வரலாறே அதற்கு எதிராக இருக்கிறது. 1953 ஜூனில் மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் நகரத்தில் முதல் கார்வெட் தயாரானபோது அதில் இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின், இரண்டே கியர் உள்ள ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். அந்த வருடம் செய்த 300 வண்டிகளும் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. பார்க்க அழகு, ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற எஞ்சினியர் அதே 1953இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். பெல்ஜியத்தில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்தவர், தானே பந்தயத்தில் ஓட்டியவர். 1955இல் வி-8 எஞ்சின் வந்தது. 1957இல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் நான்கு கியர் பாக்ஸும், 1963இல் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், 1965இல் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஒவ்வொரு மாற்றமும் வண்டி சாலையில் இன்னும் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதற்காக வந்தது. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு வருடா வருடம் மாற்றிக்கொண்டே இருந்த மனிதர் உருவாக்கிய வண்டியை, ஒரு தேதியில் நிறுத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. மாற்றலாம். ஆனால் உடலை வெட்டக் கூடாது, சேஸியில் புதிதாகத் துளை போடக் கூடாது, கழற்றிய பழைய பாகம் எதையும் தூக்கி எறியக் கூடாது. நாளைக்கு இந்த வண்டியை வாங்குகிற ஒருவர் இதை 1973க்கே திருப்பிக் கொண்டுபோக விரும்பினால் ஸ்பேனரை வைத்தே அதைச் செய்ய முடிய வேண்டும். இதுதான் நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? கார்வெட் ஃபைபர் கிளாஸ் உடம்பு, துருப்பிடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். உடம்பு துருப்பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் அந்த உடம்புக்குள்ளே முன்கண்ணாடியைச் சுற்றியும் கதவுகளைச் சுற்றியும் ஓர் இரும்புக் கூடு இருக்கிறது. பறவைக் கூண்டு என்றுதான் இங்கே அதற்குப் பெயர். கழற்றி மாட்டும் கூரைப் பலகைகளின் ரப்பர் பீடிங் காய்ந்துபோனால் மழைத் தண்ணீர் அந்தக் கூட்டுக்குள்தான் இறங்கும். முன்கண்ணாடித் தூணின் அடிப்பாகம் உள்ளேயே அரித்துப் போயிருக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். அதனால் கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டையைக் கழற்றிப் பார்க்க விடாத வண்டியை நான் வாங்கத் தயாராக இல்லை. இரண்டாவது இடம், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேஸி மேல்நோக்கி வளையும் இடம். சேறும் உப்பும் அங்கே தங்கும். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். நான் இருப்பது பென்சில்வேனியா, பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்புத்தான். அதனால் அரிசோனா பக்கம் வெயிலில் கிடந்த வண்டியாகப் பார்த்து வாங்கினேன். டாஷ்போர்டு வெடித்து, சீட் எல்லாம் பொரிந்து போயிருந்தது. சீட்டை மாற்றிவிடலாம், கூண்டை மாற்றுவது அப்படி இல்லை.

சேஸி நன்றாக இருந்ததால் உடம்பைத் தூக்கவில்லை. உடம்பைத் தனியாகவும் சேஸியைத் தனியாகவும் பிரித்துப் புதுப்பித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது, தெரியும். ஆனால் உடம்பு உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு எண்ணிக்கையில் ஷிம் என்ற, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள் இருக்கும், கதவின் இடைவெளியே அவற்றை நம்பித்தான் நிற்கிறது. காரணம் இல்லாமல் அதைக் கலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் வேலை எஞ்சினில் இல்லை, பின்சக்கரத்தில். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள், 400 குதிரைசக்தி எஞ்சினை வாங்கி உட்கார வைத்துவிட்டு, அதைத் தாங்க வேண்டிய பின்பக்கத்தை ஐம்பது வருடப் பழைய பேரிங்கோடு விட்டுவிடுகிறார்கள். 1963இல் டன்டோவின் குழு அமைத்த பின் சஸ்பென்ஷன் 1982 வரை அடிப்படையில் அப்படியே தொடர்ந்தது. பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸியோடு அசையாமல் பொருத்தியிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் போகும் அரை ஆக்ஸில்கள் சக்கரத்தைச் சுழற்றுவதோடு, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் மேல் கையாகவும் வேலை செய்யும். கீழே ஒரு கம்பி, முன்னாலிருந்து நீண்டு வரும் ஒரு கை, எல்லாவற்றுக்கும் கீழே லாரியில் பார்ப்பது போன்ற பட்டை ஸ்பிரிங், ஆனால் குறுக்காக, வண்டியின் அகலத்துக்கு. புத்திசாலித்தனமான அமைப்பு. ஆனால் ஒரு பாகம் பல வேலை செய்யும்போது அது தேய்ந்தால் பல விஷயம் கெடும். டிஃபரன்ஷியலுக்குள் அரை ஆக்ஸிலின் முனை தேய்ந்தால் எண்ணெய் கசிவதோடு நிற்காது, சக்கரமே உள்ளே சாயும்.

அந்த நீளக் கையைச் சேஸியிலிருந்து பிரிப்பது இந்த வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வேதனை. ஒரு குறுகலான பொந்துக்குள் ஒரு நீள போல்ட், அதன் இரண்டு பக்கமும் சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்யும் ஷிம்கள். எல்லாம் சேர்ந்து ஒரே துருக்கட்டியாகியிருக்கும், பாலைவனத்தில் இருந்த வண்டியிலும்கூட. கடைசியில் நீளமான பிளேடை நுழைத்து போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. புதிய ஷிம்களைத் துருப்பிடிக்காத ஸ்டீலில் போட்டேன், அடுத்தவருக்காவது சுலபமாக இருக்கட்டும்.

கையின் முனையில்தான் சக்கர பேரிங் இருக்கிறது. கிரீஸ் அடிக்க நிப்பிள் கிடையாது. கிரீஸை மாற்ற வேண்டுமென்றால் ஸ்பிண்டிலைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுக்க வேண்டும், அதனால் எத்தனையோ வண்டிகளில் அது தொழிற்சாலையில் வைத்த கிரீஸோடு காய்ந்து கிடக்கிறது. திரும்பச் சேர்க்கும்போது உள்ளே ஷிம் வைத்து ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 1 முதல் 8 பங்கு வரை இருக்கலாம் என்பது தொழிற்சாலைக் கணக்கு. நல்ல வேலைக்காரர்கள் அதை 3க்குள் கொண்டுவந்துவிடுவார்கள். நான் போன இடத்தில் ஒரு பெரியவர், இதை மட்டுமே காலமெல்லாம் செய்தவர், டயல் கேஜை வைத்துவிட்டு ஒரு முறை தள்ளி இழுத்துப் பார்ப்பார், பிரிப்பார், ஷிம்மைத் தேய்ப்பார், மறுபடியும் சேர்ப்பார். ஒரு சக்கரத்துக்கே பாதி நாள் போனது. பக்கத்தில் நின்று பார்க்கவே நிறைவாக இருந்தது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டேன். ஒன்பது இரும்புப் பட்டைகளுக்குப் பதில் ஒரே ஃபைபர் கிளாஸ் பட்டை, எடை நான்கில் ஒரு பங்குகூட இல்லை. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸே ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இப்படி ஒன்றைப் போட ஆரம்பித்தது, அதனால் இது இந்தக் குடும்பத்துக்கு அந்நியமான பொருள் இல்லை.

பிரேக் விஷயத்திலும் ஒரு பழைய குறை உண்டு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன், மொத்தம் 16. 1965க்கு அது பிரமாதமான பிரேக், இன்றைக்கும் நன்றாகவே நிற்கும். ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், வண்டி சும்மா நிற்க நிற்க காலிப்பரின் இரும்புத் துளை உள்ளே அரித்து, சீல் பிடிக்காமல் கசியும். இன்னொன்று, டிஸ்க் சுழலும்போது மயிரிழை ஆடினாலும் பிஸ்டன்கள் முன்னும் பின்னும் அசைந்து, அந்தக் காலத்து உதடு வைத்த சீல் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். கசிவே இருக்காது, ஆனால் பெடல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சு மாதிரி ஆகும். பேரிங் ஆட்டத்தை முதலில் சரிசெய்ததற்கு இதுவும் ஒரு காரணம், ஏனென்றால் டிஸ்க் நேராக ஓடுவதே பேரிங்கை நம்பித்தான். துருப்பிடிக்காத ஸ்டீல் குழாய் செருகிய காலிப்பர்களும் வட்ட ரப்பர் வளையம் உள்ள பிஸ்டன்களும் போட்டபின் பெடல் கல் மாதிரி நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் 1973 பிரேக்தான்.

ஸ்டீயரிங்கில் நான் கூடுதலாகவே மாற்றினேன். மூல வண்டியில் பவர் ஸ்டீயரிங் உதவி கியர் பெட்டிக்குள் இல்லை, வெளியே இணைப்புக் கம்பிகளில் தனி வால்வாகவும் தனி சிலிண்டராகவும் தொங்கும். எண்ணெய் ஒழுகும், நெடுஞ்சாலையில் நேராகப் போவதற்கே கையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். போர்கசன் என்ற நிறுவனம் உதவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, பழைய துளைகளிலேயே பொருந்துவது போல ஒன்று செய்கிறது. அதைப் போட்டதும் வண்டி பத்து வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டது. பழைய பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெயர் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இனி கியர் பாக்ஸ். இதுதான் வண்டியை உண்மையில் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்பதைத் தீர்மானிக்கும் விஷயம் என்பது என் எண்ணம். வண்டியோடு வந்த மன்சி என்ற மூல கியர் பாக்ஸில் நான்கு கியர், நான்காவதில் எஞ்சினும் புரொப்பெல்லர் தண்டும் ஒரே வேகம். டிஃபரன்ஷியல் விகிதம் 3.36. மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 சுற்றை ஒட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் பரவாயில்லை, நான்கு மணி நேரம் அந்தச் சத்தத்திலும் சூட்டிலும் உட்கார முடியாது. டிரெமெக் டி.கே.எக்ஸ் என்ற ஐந்து கியர் பாக்ஸில் ஐந்தாவதின் விகிதம் 0.68. அதே வேகத்தில் எஞ்சின் 2,000 சுற்றுக்கு இறங்கிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம். மன்சி பாக்ஸ் பத்திரமாகப் பலகைப் பெட்டியில் இருக்கிறது.

எஞ்சினைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 350 கன அங்குல வி-8, 1973 கணக்கில் 190 குதிரைசக்தி. 1970 வண்டியின் 300 என்ற எண்ணோடு இதை ஒப்பிட்டு வருத்தப்படுபவர்கள் உண்டு. அந்த 300 எஞ்சினை மேடையில் தனியாக வைத்து அளந்தது, 1972 முதல் சைலன்சர் முதலான எல்லாவற்றோடும் சேர்த்து அளக்க ஆரம்பித்தார்கள். கம்ப்ரஷன் குறைந்ததும் உண்மைதான், ஆனால் எண்களுக்கு இடையே தெரியும் அளவு வித்தியாசம் சாலையில் இல்லை. எஞ்சின் பிளாக்கை வைத்துக்கொண்டு அலுமினிய சிலிண்டர் ஹெட்டும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை ரோலர் வகையிலும் போட்டேன். பழைய வகை கேமுக்கு எண்ணெயில் துத்தநாகச் சேர்மானம் அதிகம் வேண்டும், இன்றைய சாதாரண எஞ்சின் ஆயில்களில் அது குறைத்துவிட்டார்கள், ரோலருக்கு அந்தக் கவலை இல்லை. கேமை மிதமாகத்தான் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் பெரிய கேம் போட்டால் எஞ்சினின் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, குறையும், இந்த வண்டியில் பிரேக் பூஸ்டர் மட்டுமல்ல, ஹெட்லைட்கள் மேலெழுந்து வருவதே அந்த வேக்குவத்தில்தான். எலக்ட்ரிக் மோட்டார் கிட் கிடைக்கிறது. ஆனால் இரண்டு விளக்குகளும் ஒரு பெருமூச்சோடு எழுந்து வருவது இந்தக் காரின் குணம், குழாய்களையும் வால்வையும் மாற்றி அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

லேத் பட்டறையில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பிளாக்கின் மேல்தளத்தைச் சீவக் கூடாது. வலது ஹெட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு தளம் நீட்டிக்கொண்டிருக்கும், அதில்தான் எஞ்சினின் குறியீடும் வண்டி எண்ணின் கடைசி இலக்கங்களும் அடித்திருக்கும். மேல்தளத்தை மட்டப்படுத்தும்போது அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். அழிந்தால் இந்த எஞ்சின் இந்த வண்டியோடு பிறந்தது என்பதற்கு சாட்சியே இல்லை. சக்தி கூடுவது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், அந்த எழுத்தைத் திரும்ப எழுத முடியாது.

இந்த இடத்தில் பௌலிங் கிரீன் நினைவுக்கு வருகிறது. கென்டக்கியில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தின் தரை 2014 பிப்ரவரி 12 அன்று உள்வாங்கி எட்டு கார்வெட்கள் பள்ளத்துக்குள் போயின. மூன்றைப் புதுப்பித்தார்கள், ஐந்தை நசுங்கியபடியே காட்சிக்கு வைத்தார்கள். புதுப்பித்த மூன்றில் ஒன்று 1992இல் வந்த பத்து லட்சமாவது கார்வெட். அதைச் செய்த தொழிலாளர்கள் அன்றைக்குப் பாகங்களில் தங்கள் கையெழுத்தைப் போட்டிருந்தார்கள். புதிய பாகம் கையில் இருந்தும், கையெழுத்துள்ள பாகங்களை முடிந்தவரை காப்பாற்றிச் சரிசெய்து மாட்டினார்கள். புதுப்பிக்கும் வேலையில் நான் பார்த்த மிகச் சிறந்த தீர்மானம் அதுதான். எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதை ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

வயரிங்குக்கு வருவோம். சாதாரண வண்டியில் இரும்பு உடம்பே எர்த். ஃபைபர் கிளாஸில் மின்சாரம் ஓடாது, அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் கம்பி உண்டு, ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இரும்புத் துண்டில் திருகியிருக்கும், அந்தத் திருகெல்லாம் களிம்பு பிடித்திருக்கும். இண்டிகேட்டர் போட்டால் டாஷ்போர்டு விளக்கு மங்கும், பிரேக் மிதித்தால் ரேடியோ கரகரக்கும். பேய் பிடித்த மாதிரி தெரியும், ஆனால் எல்லாவற்றையும் பிரித்து, உலோகம் தெரியத் தேய்த்து, திரும்ப இறுக்கினால் பாதிக்கு மேல் குணமாகிவிடும். புது ஹார்னஸ், அதாவது முழு வயர்த் தொகுப்பு, வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் இருக்கும் குரோம் கவசத்தையும் அழகுக்கு என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். இரும்பு பானட் இல்லாததால் ரேடியோவை இக்னிஷன் இரைச்சலிலிருந்து காப்பது அதுதான்.

எஞ்சின் சூடாவதற்கும் அப்படித்தான், பெரிய ரேடியேட்டர் வாங்கச் சொல்லி எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். இந்த வண்டி காற்றைப் பெரும்பாலும் மூக்குக்கு அடியிலிருந்து எடுக்கிறது. ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ரப்பரும் ஸ்பாஞ்சும் இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிடும். என் வண்டியில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. அவற்றை முழுதாகப் போட்டு, ஃபேன் கிளட்சை மாற்றியதும் ஜூலை மாத டிராஃபிக்கிலும் முள் நடுவிலேயே நிற்கிறது. ரேடியேட்டர் அதேதான்.

டயர் விஷயத்தில் பழைய ஆட்கள் என்னோடு சண்டை போடுவார்கள். 15 அங்குல ரேலி வீலில் வெள்ளை எழுத்து டயர் இருந்தால்தான் இது கார்வெட் மாதிரி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அளவில் இன்றைக்கு நல்ல பிடிப்புள்ள டயர் அபூர்வம். 255/60 அளவில் 15 அங்குல டயரும் 255/50 அளவில் 17 அங்குல டயரும் மொத்த உயரத்தில் ஒன்றுதான், இரண்டும் 27 அங்குலம். ரேலி வீலின் அதே வடிவத்தில் 17 அங்குல வீல் போட்டு நல்ல கோடைக்கால டயர் மாட்டினேன். மழை பெய்த சாலையில் ஒரு வளைவில் பிரேக் போட வேண்டி வந்தபோது அந்தச் செலவுக்குக் கணக்கு முடிந்தது.

பெயிண்ட் கடைசி. ஃபைபர் கிளாஸில் மணல் வீசிப் பெயிண்ட் எடுக்க முடியாது, உடம்பே கிழிந்துவிடும், பிளேடால் பொறுமையாகச் சுரண்டத்தான் வேண்டும். பேனல்கள் ஒட்டிய தையல் கோடு சில இடங்களில் வெளிச்சத்தில் லேசாகத் தெரிகிறது. அதைப் பட்டி பார்த்து மறைக்கவில்லை, செயின்ட் லூயிஸிலிருந்து வந்தபோதும் அது அப்படித்தான் இருந்திருக்கும்.

இனி மிச்சம் உள்ளே வரும் சூடுதான். இந்த வண்டியில் எஞ்சின் பின்னுக்குத் தள்ளி, கிட்டத்தட்ட உங்கள் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது, கோடையில் கியர் தண்டின் பக்கத்தில் கால் வைக்க முடியவில்லை. இந்தக் குளிர்காலத்தில் சீட்டையும் கார்பெட்டையும் எடுத்துவிட்டு, தரை முழுக்கவும் கியர் பாக்ஸ் சுரங்கத்திலும் வெப்பம் தடுக்கும் விரிப்பு ஒட்டப் போகிறேன். ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் கார்லைலில் கார்வெட் திருவிழா. அதற்கு வண்டியை ஓட்டிக்கொண்டுதான் போவேன், வழியில் ஜன்னலை ஏற்றி வைத்துக்கொண்டு போக முடிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.